டோவர் நேரம்

கி.மு. 54-ஆம் ஆண்டு கோடையில், ஒரு நாள் சூரியன் மறையும் வேளையில், எண்ணூறுக்கும் மேற்பட்ட கப்பல்களோடு ஜூலியஸ் சீசர் இன்றைய பிரான்ஸின் வடகரையிலிருந்து பிரிட்டனுக்குப் புறப்பட்டார். மெல்லிய தென்மேற்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. நள்ளிரவை ஒட்டி அது நின்றுபோனது. விடிந்து பார்த்தால், முன்னால் தெரிய வேண்டிய பிரிட்டன் இடப்பக்கமாகப் பின்தங்கிக் கிடக்கிறது. பாய்கள் துவண்டு தொங்கிய அந்த இரவில் கடல் மட்டும் நிற்காமல் ஓடியிருக்கிறது. படையையே வடகிழக்காக இழுத்துச் சென்றிருக்கிறது. காலையில் நீரோட்டம் திசை மாறியது. அதோடு சேர்ந்து வீரர்கள் துடுப்பு வலித்து, நண்பகலை ஒட்டித்தான் கரையை அடைந்தார்கள். இதைச் சீசரே தன் போர்க்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலான ஆங்கிலக் கால்வாயில் பாய்மரப் படகு ஓட்டுபவருக்கு இதே கணக்குதான். பத்து மீட்டர் நீளமுள்ள குடும்பப் படகு ஒன்று சராசரியாக 5 நாட் வேகத்தில் போகும். அதாவது மணிக்கு 5 கடல் மைல், ஏறத்தாழ 9 கிலோமீட்டர். அந்தக் கால்வாயில் நீர் பல இடங்களில் 3 நாட் வேகத்தில் ஓடுகிறது. சில முனைகளில் 7 நாட்டையும் தாண்டுகிறது. படகு எங்கே போகிறது என்பதைக் காற்றும் சுக்கானும் முடிவு செய்வதற்கு முன்பே, எந்த மணிக்குக் கிளம்புகிறோம் என்பது பாதி முடிவு செய்துவிடுகிறது.

இந்த நீரோட்டத்தைப் புரிந்துகொள்ள, பள்ளிக்கூடத்தில் படித்த ஓதப் பாடத்தில் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல் ஏறுகிறது, வற்றுகிறது என்று படித்திருக்கிறோம். அதிலிருந்து பலரும் தாமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: நீர் ஏறும்போது உள்ளே ஓடும், வற்றும்போது வெளியே ஓடும், முழு ஏற்றத்தில் சற்று நிற்கும் என்று. சிறு கழிமுகத்திலும் முட்டுச் சந்தான விரிகுடாவிலும் இது ஓரளவு சரி. திறந்த கடற்கரையில் இது படகைப் பாறையில் கொண்டுபோய் நிறுத்தும் தவறு.

கால்வாயின் கிழக்கு முனையில், நீரிணையின் கரையில் இருக்கும் டோவர் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே முழு ஏற்றத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்பே நீரிணையில் நீர் வடகிழக்கு நோக்கி ஓடத் தொடங்கிவிடும். முழு ஏற்றம் கழிந்து நான்கு மணி நேரம் போல அதே திசையில் ஓடும். துறைமுகச் சுவரில் நீர்மட்டம் உச்சத்தில் அசையாமல் நிற்கும் நிமிடத்தில், வெளியே கடல் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரில் நீர் இறங்கத் தொடங்கிய பிறகும் வெளியே ஓட்டத்தின் திசை மாறுவதில்லை. நீர்மட்டம் வேறு, நீரோட்டம் வேறு. இரண்டும் ஒரே ஓதத்தின் வெளிப்பாடுகள்தாம். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை.

ஏன் இப்படி? ஓதம் என்பது மிக நீளமான ஓர் அலை. அட்லாண்டிக்கிலிருந்து மேற்கு வாய் வழியாகக் கால்வாய்க்குள் நுழைந்து, ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் டோவரை எட்டுகிறது. அப்போது மேற்கு வாயிலுள்ள கார்ன்வால் கரையில் நீர் வற்றிக் கிடக்கும். டோவரில் வற்றும்போது கார்ன்வாலில் நிறைந்திருக்கும். தண்ணீர் நிறைந்த அண்டாவை இருவர் தூக்கிப் போகும்போது நீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதுவதைப் பார்த்திருப்பீர்கள். இரு ஓரங்களிலும் மட்டம் எழுந்து தாழும். நடுவில் மட்டம் அதிகம் மாறாது. ஆனால் ஓர் ஓரத்தை நிரப்பப் போகிற நீர் முழுவதும் அந்த நடுப்பகுதியைக் கடந்துதான் ஆக வேண்டும். ஆங்கிலக் கால்வாயின் நடு, இங்கிலாந்தின் வைட் தீவுக்கும் பிரான்ஸின் ஷெர்பூருக்கும் இடைப்பட்ட பகுதி. அதனால்தான் வைட் தீவுக்குச் சற்று மேற்கே ஸ்வானேஜ் கரையில் பெரிய ஓத நாட்களில்கூட நீர் 2 மீட்டர் அளவுதான் ஏறி இறங்குகிறது. அதே பகுதியில் கால்வாயின் நெடுக நீரோட்டம் மட்டும் பலமாக ஓடுகிறது. மட்டம் குறைவாக மாறும் இடத்தில் ஓட்டமும் குறைவாக இருக்கும் என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு.

பூமியின் சுழற்சியும் இதில் கை வைக்கிறது. வட அரைக்கோளத்தில் ஓடும் நீர் தன் வலப்பக்கமாக ஒதுங்கும். கிழக்கே ஓடும்போது வலப்பக்கம் பிரான்ஸ். மேற்கே திரும்பி ஓடும்போது நீர் இங்கிலாந்துப் பக்கம் ஒதுங்கி, பிரெஞ்சுக் கரையை மேலும் வற்றச் செய்கிறது. இதோடு ஆழம் குறைந்த வளைகுடாவின் அமைப்பும் சேர்ந்துகொள்ள, பிரெஞ்சுக் கரையிலுள்ள சான் மாலோவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிய ஓதங்களில் 12 மீட்டரைத் தாண்டுகிறது. நான்கு மாடி உயரம். அந்த நீரெல்லாம் ஆறு மணி நேரத்தில் வர வேண்டும், அடுத்த ஆறு மணி நேரத்தில் போக வேண்டும்.

உண்மையில் கால்வாய் முழுதும் மூடிய பாத்திரம் அல்ல. டோவர் வழியாக வடகடலுக்கு நீர் கசிகிறது. கடற்படுகையின் உராய்வு வேகத்தைத் தின்கிறது. முனைகளும் மணல்திட்டுகளும் ஓட்டத்தைத் திருப்புகின்றன. ஆகவே நீர் எப்போது திசை மாறும் என்பது ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. சூத்திரம் ஒன்றை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது; அளந்து வைத்தவர்களின் வேலையை நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்த வேலை நீரோட்ட அட்லஸ் என்ற மெல்லிய புத்தகமாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் கடல்வரைபடத் துறை வெளியிடும் அட்லஸில் ஒரே பகுதியின் வரைபடம் பதின்மூன்று முறை வருகிறது: டோவரின் முழு ஏற்றத்துக்கு ஆறு மணி நேரம் முன்பிருந்து, ஆறு மணி நேரம் பின்பு வரை, மணிக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அம்புக்குறிகள். ஓட்டம் பலமாக இருந்தால் தடித்த அம்பு, மெலிந்தால் மெல்லிய அம்பு. அம்பின் அருகே ‘09,18’ போல எண்கள். முதல் எண்ணைப் பத்தால் வகுத்தால் சிறிய ஓதத்தில் 0.9 நாட், இரண்டாவது, பெரிய ஓதத்தில் 1.8 நாட். நடுவில் இருக்கும் காற்புள்ளி வெறும் பிரிப்பு அல்ல. அளவீடு எடுத்த இடம் அந்தப் புள்ளிதான். அந்த ஒரு துளி மைக்குப் பின்னால், நங்கூரமிட்ட கப்பலில் இரவும் பகலும் நீரின் வேகத்தையும் திசையையும் குறித்துக்கொண்டிருந்தவர்களின் உழைப்பு இருக்கிறது. எனக்கு அந்தக் காற்புள்ளியின் மேல் தனி மரியாதை உண்டு.

பெரிய ஓதம், சிறிய ஓதம் என்பது தமிழ் நாள்காட்டி வைத்திருப்பவருக்கு எளிதில் விளங்கும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் இழுக்கின்றன. அட்டமி திதிகளில் குறுக்காக இழுக்கின்றன. கால்வாயில் இதன் விளைவு ஒன்றிரண்டு நாள் தாமதமாகவே தெரியும். அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் ஓட்டம், அட்டமி கழிந்த இரண்டாம் நாள் ஓட்டத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகம். ஒரு முழு ஓதச் சுற்றுக்கு 12 மணி 25 நிமிடம் ஆவதால், தினமும் நேரம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். ஆனால் ஒரு துறைமுகத்தில் பெரிய ஓதம் எப்போதும் நாளின் ஏறத்தாழ அதே வேளையில்தான் வரும். டோவரில் அது நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டிய நேரம். அனுபவமுள்ளவர்கள் விடுமுறைக்குத் தேதி குறிக்கும்போதே நிலவைப் பார்ப்பது இதனால்தான்.

திசை மாறும் நேரத்திலிருந்து ஓட்டத்தின் வேகம் எப்படி வளர்கிறது என்பதற்கும் எளிய வாய்ப்பாடு உண்டு. முதல் மணி முடிவில் உச்ச வேகத்தில் பாதி. இரண்டாம் மணி முடிவில் பத்தில் ஒன்பது பங்கு. மூன்றாவதில் முழு வேகம். பிறகு அதே படியில் இறங்கும். உச்சம் 3 நாட் என்றால், ஒரு திசையில் ஓடும் ஆறேகால் மணி நேரத்தில் நீர் ஏறத்தாழ 12 கடல் மைல் நகர்ந்திருக்கும். ஓத அலை அதே நேரத்தில் கால்வாயின் முழு நீளமான 300 கடல் மைலைக் கடந்துவிடும். அலை பறக்கிறது, நீர் சற்றுத் தூரம் போய்விட்டுத் திரும்பி வருகிறது.

இப்போது ஒரு பயணத்தைப் போடுவோம். வைட் தீவின் மேற்கு முனையான நீடில்ஸ் பாறைகளிலிருந்து ஷெர்பூருக்கு ஏறத்தாழ 60 கடல் மைல், நேர் தெற்கே. 5 நாட் வேகத்தில் 12 மணி நேரம். வழியெல்லாம் நீர் குறுக்கே ஓடுகிறது: ஆறு மணி நேரம் கிழக்கே, ஆறு மணி நேரம் மேற்கே.

புதியவர் என்ன செய்வார்? ஜிபிஎஸ் திரையில் நேர்கோடு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து விலகாமல் ஓட்டப் பார்ப்பார். தானியங்கிச் சுக்கானும் அவருக்கு ஒத்துழைக்கும். நீர் கிழக்கே 3 நாட் ஓடும்போது கோட்டிலேயே நிற்க வேண்டுமென்றால், படகின் அணியத்தை, அதாவது முன்முனையை, 37 பாகை மேற்கே திருப்பி வைக்க வேண்டும். 3, 4, 5 பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணம் இது. படகு நீரில் 5 நாட் ஓடினாலும் ஷெர்பூரை நோக்கி முன்னேறுவது 4 நாட்தான். மீதி வேகம் முழுக்க நீரோட்டத்தோடு மல்லுக்கட்டுவதில் போகிறது. ஆறு மணி நேரம் கழித்து, நீர் மேற்கே ஓடும்போது எதிர்ப்பக்கம் திருப்பி, அதே இழப்பை மறுபடியும் தாங்குவார்.

கணக்கு தெரிந்தவர் அணியத்தைத் தெற்கே வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். நீர் அவரை 12 மைல் கிழக்கே தள்ளும். திரையில் பார்த்தால் பயமாக இருக்கும். பிறகு அதே நீர் 12 மைல் மேற்கே கொண்டுவந்து விடும். படகு சென்ற தடம் தரையைப் பொறுத்து ஒரு பெரிய வளைவு. நீரைப் பொறுத்து நேர்கோடு. படகுக்கு நீர்தான் தரை. உச்சம் 3 நாட் என்று வைத்துக் கணக்கிட்டால், கோட்டைப் பிடித்து ஓட்டியவருக்கு 13 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நீரை நம்பியவருக்கு 12. இரு திசை ஓட்டமும் சமமாக இல்லாவிட்டால், மணிக்கு மணி அட்லஸைப் பார்த்துக் கூட்டிக் கழித்து, மிச்சமிருக்கும் வேறுபாட்டுக்கு மட்டும் ஒரே கோணம் கொடுத்தால் போதும். வரைபடத்தில் பென்சிலால் செய்யும் இந்த வேலை பத்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் திரையை மட்டும் நம்புகிறவர் தன் படகின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடலுக்குக் கொடுத்துவிடுகிறார்.

நடுக்கடலில் தவறினால் நேரம்தான் போகும். முனைகளில் தவறினால் கதை வேறு.

அகன்ற நீர் குறுகிய இடுக்கிலோ நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலோ நெருக்கப்படும்போது, அதே அளவு நீர் அதே நேரத்தில் கடந்தாக வேண்டும் என்பதால் வேகம் கூடுகிறது. டார்செட் கரையில் போர்ட்லண்ட் முனை கடலுக்குள் ஒரு விரல்போல நீண்டிருக்கிறது. பிரதான ஓட்டம் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் முனையின் இருபுறமும் பெரிய சுழல்கள் உண்டாகின்றன. அவற்றால் முனையின் இரு பக்கங்களிலும், பன்னிரண்டரை மணி நேரச் சுற்றில் ஏறத்தாழ பத்து மணி நேரம் நீர் தெற்கு நோக்கி, அதாவது முனையின் நுனியை நோக்கியே ஓடுகிறது. அங்கே பிரதான ஓட்டத்தோடு மோதி, ஆழம் குறைந்த பாறைப் படுகையின் மேல் ஏறிக் கொந்தளிக்கும் பகுதிதான் ‘போர்ட்லண்ட் ரேஸ்’. கரையை ஒட்டி நிதானமாகப் போவதாக நினைக்கும் படகை இந்தத் தென்னோட்டம் ஓசையில்லாமல் அதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

காற்றும் நீரோட்டமும் எதிரெதிராக வந்தால் அபாயம் பல மடங்காகிறது. இதற்கு இயற்பியலில் தெளிவான விளக்கம் இருக்கிறது. ஐந்து வினாடிக்கு ஒன்றாக வரும் காற்றலையின் நீளம் ஆழ்கடலில் 39 மீட்டர். வேகம் 15 நாட். எதிரே நீர் ஓடினால் அலைகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. நீளம் குறைகிறது, உயரம் கூடுகிறது, முகம் செங்குத்தாகிறது. எதிரோட்டம் அலையின் வேகத்தில் கால் பங்கை, அதாவது ஏறத்தாழ 4 நாட்டை எட்டும்போது, அலையின் ஆற்றல் அதற்கு மேல் முன்னேறவே முடியாது. அங்கேயே குவிந்து உடையும். அந்த எல்லைக்கு வெகு முன்பே சிறு படகு தாங்க முடியாத அளவுக்குக் கடல் கெட்டுவிடும். நீடில்ஸுக்கு வெளியே ஷிங்கிள்ஸ் என்ற கூழாங்கல் திட்டையொட்டி, தென்மேற்குக் காற்றில் வற்றோட்டம் 4 நாட்டில் வெளியேறும்போது நடப்பது இதுதான். ஆறு மணி நேர வேறுபாட்டில், அதே காற்றில், நீர் மட்டும் திசை மாறி உள்ளே ஓடும்போது அதே இடத்தில் குழந்தைகளோடு போகலாம். வானிலை அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே எண்தான் எழுதியிருக்கும்.

ஆகவே பயணத் திட்டம் புறப்படும் நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. வழியில் எந்த இடம் மிகவும் கறாரானதோ, அந்த இடத்தை எந்த மணிக்குக் கடக்கலாம் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். ஆல்டர்னி ரேஸைப் பார்த்தால் இது விளங்கும். பிரான்ஸின் லா ஆக் முனைக்கும் ஆல்டர்னி தீவுக்கும் இடையே எட்டு மைல் அகல இடைவெளி. ஐரோப்பாவின் மிக வேகமான ஓதநீரோட்டங்களில் ஒன்று இது. பெரிய ஓதங்களில் 7, 8 நாட் சாதாரணம், சில இடங்களில் அதற்கும் மேல். ஷெர்பூரிலிருந்து குர்ன்ஸி தீவின் செயின்ட் பீட்டர் போர்ட்டுக்குப் போகும் வழக்கமான வழி இதன் ஊடாகத்தான்.

டோவரில் முழு ஏற்றம் நண்பகல் 12 மணி என்று வைத்துக்கொள்வோம். ரேஸில் நீர் தென்மேற்காக ஓடத் தொடங்குவது அதையொட்டிய நேரத்தில். உச்சம் பெறுமுன், ஓட்டம் தொடங்கும்போதே உள்ளே நுழைய வேண்டும். எனவே லா ஆக் முனையில் 11:30-க்கும் 12-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஷெர்பூரிலிருந்து முனைக்கு 15 மைல் போல. மூன்று மணி நேரம். அப்படியானால் காலை 9 மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் வெளியே பிரதான ஓட்டம் கிழக்கே போய்க்கொண்டிருக்கும், எதிராக. ஆனால் டோவர் ஏற்றத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே கரையை ஒட்டி மேற்கே ஓடும் எதிர்ச்சுழல் ஒன்று உருவாகிவிடுகிறது. அதைப் பிடித்தவர் கடல் எதிர்த்திசையில் ஓடும்போதே கரையோரமாக முன்னேறுவார். முனையைத் தாண்டியதும் நீர் தள்ள, 5 நாட் படகு தரையைப் பொறுத்து 8 நாட் போகும். மாலை 4 மணியளவில் செயின்ட் பீட்டர் போர்ட்.

அங்கே இன்னொரு நேரக் கணக்கு காத்திருக்கிறது. படகுத்துறையின் வாயிலில் உள்ளே நீரைத் தேக்கிவைக்கும் தடுப்புச் சுவர் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் முழு ஏற்றத்தை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே அதன் மேல் படகு கடக்கும் ஆழம் இருக்கும். அன்று அங்கே முழு ஏற்றம் இரவு ஏழரை மணிக்கு மேல். வெளியே மிதவையில் கட்டி ஒரு மணி நேரம் போலக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது சுவரையும் அட்லஸையும் பார்த்தால் ஒன்று தெரியும்: துறைமுகச் சுவரில் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, ரேஸில் நீர் இன்னமும் தென்மேற்காகவே ஓடிக்கொண்டிருக்கிறது. நீர்மட்டமும் நீரோட்டமும் தனித்தனி நேரம் வைத்திருப்பதை ஒரே இடத்திலிருந்து உணரலாம்.

மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பினால்? முனையை அடையும்போது ஓட்டம் உச்சத்தில் இருக்கும். தென்மேற்குக் காற்று எதிரே வீசினால் அலைகள் சுவராக நிற்கும். திரும்பிவிடலாம் என்று அணியத்தை ஷெர்பூர் பக்கம் திருப்பினாலும், 7 நாட் நீரில் 5 நாட் படகு பின்புறமாகவே 2 நாட் வேகத்தில் இழுபட்டுப் போகும். எஞ்சினின் முழு விசையும் அதை மாற்றாது.

நம் கரையில் இத்தகைய ஓட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்கள் இதை மிகையென எண்ணக்கூடும். சென்னையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டர் அளவுதான். நம் கடலில் நீரை ஓட்டுவது பெரும்பாலும் பருவக்காற்று. ஆனால் குஜராத்தின் காம்பே வளைகுடாவில், பாவ்நகர் பக்கம், நீர் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. அங்கே போகும் படகுக்கும் இதே விதிகள்தான்.

இன்று கைபேசிச் செயலிகள் நீரோட்டத்தையும் கூட்டி வழி போட்டுத் தருகின்றன. பயன்படுத்துங்கள். ஆனால் கிளம்புமுன் அட்லஸை மேசையில் விரித்து, அன்றைய டோவர் ஏற்ற நேரத்தைப் பார்த்து, பதின்மூன்று பக்கங்களின் தலையிலும் மணியைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். நடுப்பக்கத்தில் 12:00 என்றால், அது 11:30 முதல் 12:30 வரைக்குமான படம். எந்தப் பக்கத்தில் எந்த முனையில் இருப்பீர்கள் என்று விரலை வைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு காரணத்தால் நேரம் தவறிவிட்டதா? ஷெர்பூரிலேயே தங்கிவிடுங்கள். 12 மணி 25 நிமிடத்தில் அதே ஓட்டம் திரும்ப வரும். இருட்டில் வேண்டாமென்றால் நாளை, இன்றைய நேரத்துக்கு 50 நிமிடம் கழித்து.